நிதானக் குழுவின் நூறு சதவீத வெற்றி

மனிதகுலம் சக்கரத்தைக் கண்டுபிடித்தது ஒரு சாதனை என்றால், வண்டியின் சக்கரத்தைத் திருப்பும் மனிதனைத் திருத்தியது அதைவிடப் பெரிய சாதனை. இந்த இரண்டாவது சாதனை செர்பியாவின் மேற்கு மலைச்சரிவில், ரகித்னா என்னும் சிற்றூரில் நிகழ்ந்தது. வரலாறு இதை இன்னும் பொன்னெழுத்துகளில் பொறிக்கவில்லையே என்று கேட்டால், அது வரலாற்றின் சோம்பேறித்தனம், ரகித்னாவின் குற்றமன்று. அவ்வூரின் 'சாலை நிதான மறுவாழ்வுக் குழு', குடித்துவிட்டு வண்டி ஓட்டித் தண்டனை பெற்றவர்களுக்குப் பன்னிரண்டு அமர்வுகளில் சிகிச்சை அளிக்கிறது. பிறகு வட்ட முத்திரை குத்திய சான்றிதழைக் கையில் கொடுத்து, உரிமத்தோடு சமூகத்திடம் திருப்பி ஒப்படைக்கிறது. ஏழு ஆண்டுகளில் ஒருவர்கூடத் தேறாமல் போனதில்லை. வெற்றி விகிதம் நூறு. ஒரே ஆள் மூன்று முறை சேர்ந்து மூன்று முறையும் தேறிய நிகழ்வுகள் உண்டு என்பதால், அதை முந்நூறு என்றே எழுதலாம் என்பது குழுத் தலைவரின் அடக்கமான கருத்து.

இப்பேர்ப்பட்ட குழுவின் முகத்தில் கரி பூச ஒருவன் வந்து சேர்ந்தான். பெயர் ஓப்ராத். ரொட்டி வண்டி ஓட்டுபவன்.

ஓப்ராத்தின் வேலை எளியது. விடியலில் அடுமனையில் ரொட்டியை ஏற்றிக்கொண்டு, மலைமேல் இருக்கும் ஒன்பது குக்கிராமங்களில் இறக்க வேண்டும். ஆனால் ரொட்டி கொண்டுவந்தவனை வெறும் வாயோடு அனுப்பும் அளவுக்கு ரகித்னா மலையில் யாரும் பண்பாடு கெட்டுப் போய்விடவில்லை. வீட்டில் காய்ச்சிய பிளம் பழச் சாராயமான ராக்கியா, ஊருக்கு ஒரு சின்னக் கிளாஸ். ஊரோ ஒன்பது. ஜூலை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், ஏழாவது ஊருக்கும் எட்டாவது ஊருக்கும் நடுவே சாலை இடப்பக்கம் வளைந்தது. ஓப்ராத் வளையவில்லை. வண்டி ஒரு முட்டைக்கோஸ் வயலுக்குள் இறங்கிச் சாய்ந்தது.

பள்ளி விடுமுறை என்பதால் அன்று அவனுடைய ஆறு வயது மகள் ஸ்தாமெனாவும் வண்டியில் இருந்தாள். ரொட்டிக் கூடைகளுக்கு அடியிலிருந்து அவளாகவே ஊர்ந்து வெளியே வந்தாள். ஒரு கீறல் இல்லை. அழவும் இல்லை. வயலைப் பார்த்துவிட்டு, "அப்பா, நம்ம ரொட்டியெல்லாம் வாத்து திங்குது" என்றாள். அவ்வளவுதான். ஓப்ராத் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதான். அதற்குப் பிறகு ஒரு சொட்டு அவன் தொண்டையில் இறங்கவில்லை. கிளாஸைப் பார்க்கும்போதெல்லாம் கூடைகளுக்கு அடியில் இருந்த அந்த இரண்டு சின்னக் கால்கள் அவனுக்குத் தெரிந்தன.

நீதிமன்றம் உரிமத்தைப் பறித்து, பன்னிரண்டு அமர்வுகள் சிகிச்சை என்று தீர்ப்புச் சொன்னது. அடுமனை முதலாளியும் தன் தீர்ப்பைச் சொன்னார். "நவம்பர் கடைசித் திங்கக்கிழமை வரைக்கும் வண்டிய உனக்காக வெச்சிருக்கேன், ஓப்ராத். முத்திரை குத்தின சர்டிபிகேட்டோட வந்தா சாவி உனக்கு. இல்லேன்னா எவன்கிட்ட முத்திரை இருக்கோ அவனுக்கு."

குழு, பண்பாட்டு மன்றத்தில் கூடுவதாகத்தான் தாளில் இருந்தது. ஆனால் மன்றத்தின் கணப்பு பழுதாகி நான்கு ஆண்டுகளாகின்றன. உறுப்பினர்களின் உடல்நலத்தைக் கருதி, இலையுதிர் காலம் முழுவதும் அணையாமல் அடுப்பெரியும் ஒரே பொதுக் கட்டடத்துக்கு அமர்வுகள் மாற்றப்பட்டிருந்தன. அது கூட்டுறவுச் சங்கத்தின் ராக்கியா காய்ச்சும் கொட்டகை.

குழுத் தலைவர் டாக்டர் திஹோமிர், கால்நடை மருத்துவர். மனநல மருத்துவர் எண்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தார். அவருக்கு ரகித்னாவின் சாலைகளைப் பற்றி ஏற்கெனவே தெரிந்திருந்ததால் வர மறுத்துவிட்டார். செயலாளர் ஸகோர்கா அம்மாள், பதிவேட்டையும் வட்ட முத்திரையையும் இருபுறமும் பிள்ளைகளைப்போல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். இவர்களுக்கு எதிரே எட்டுப் 'பயனாளிகள்'. அவர்களில் மூத்தவர் டிராக்டர் ஓட்டும் விதோசாவ். நான்காம் முறையாகச் சேர்ந்தவர் என்பதால் அவருக்கு அடுப்போரம் தனி நாற்காலி இருந்தது.

முதல் அமர்வில் ஒரு படிவம் கொடுத்தார்கள். முதல் கேள்வி: 'நீங்கள் மது அருந்துவதுண்டா?' ஏழு பேர் சிறிதும் தயங்காமல் 'இல்லை' என்று எழுதிவிட்டு, உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார்கள். ஓப்ராத் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தான்.

"என்ன மாப்ளே, எழுத்து மறந்துபோச்சா?" என்றார் விதோசாவ்.

"இல்லைன்னு எப்படிண்ணே எழுதறது? குடிச்சதுக்குத்தானே எல்லாரும் இங்க வந்திருக்கோம்!"

"மதுன்னா என்னடா? கடையில விக்கிறது. அதுல விலைச்சீட்டு ஒட்டியிருக்கும். நாம குடிக்கிறது வீட்ல காய்ச்சினது. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப எங்கம்மா நெஞ்சுல தேய்ச்சது. அதைப் போயி மதுன்னு சொன்னா எங்கம்மாவுக்குச் சாராயக்காரின்னு பேராயிடாது?"

ஓப்ராத் யோசித்தான். பிறகு எழுதினான்: 'ஆம். ஜூலை வரை. இப்போது இல்லை.'

ஸகோர்கா அம்மாள் படிவத்தை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "ஏன் தம்பி, ஏழு வருஷமா இந்த ரிஜிஸ்டர்ல 'ஆம்'னு ஒரு வார்த்தை விழுந்ததில்லையே. அதுவும் ஒரே கட்டத்துல மூணு பதில் எழுதியிருக்கே. நான் எந்தப் பதிலை ஏத்தறது?"

தலைவர் பெருமூச்சு விட்டார். "தம்பி, நம்ம சிகிச்சைமுறை குடிக்காதவங்களுக்காக ரொம்பக் கவனமா உருவாக்கினது. நீ வந்து குடிச்சேங்கறே, அப்புறம் நிறுத்திட்டேன்னும் சொல்றே. நடுவுல எங்களுக்கு என்ன வேலை?"

"சர்டிபிகேட் கொடுங்க டாக்டர், நான் போயிடறேன்."

"சிகிச்சை இல்லாம சர்டிபிகேட்டா?" தலைவர் அதிர்ந்துபோனார். "இது என்ன, சந்தையா?"

மூன்றாம் அமர்வின் தலைப்பு 'எதிரியை அறிதல்'. மேசையில் பெயரொட்டாத ஐந்து குப்பிகள் வைக்கப்பட்டன. பயனாளிகள் எதிரியை நெருக்கமாக அறிய வேண்டும் என்பது பயிற்சி. எதிரியை முகர்ந்த மாத்திரத்தில் விதோசாவ், பழம் எது, மரம் எவனுடையது, காய்ச்சும்போது எவன் தூங்கிப்போனான் என்பதுவரை சொல்லிக் கைதட்டல் பெற்றார். ஓப்ராத் மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவந்த குடுவையிலிருந்து புதினாத் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தான். அன்றைய குறிப்பில் ஸகோர்கா அம்மாள் எழுதினார்: 'எட்டாவது பயனாளி எதிரியைச் சந்திக்க அஞ்சுகிறார். கையில் சந்தேகத்துக்குரிய பச்சைத் திரவம்.'

அஞ்சினான் என்பது உண்மைதான். கொதிகலனிலிருந்து ஆவி கிளம்பும்போது அவன் வாயில் தண்ணீர் ஊறியது. தேநீர்க் குடுவையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, வாரம் ஒரு மாலை அந்தக் கொட்டகையில் அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். வேறு எங்காவது, ஒரு பள்ளிக்கூடத்திலோ தபால் நிலையத்திலோ சிகிச்சை வைத்திருந்தால் அவனுக்குச் சிகிச்சையே தேவைப்பட்டிருக்காது.

ஏழாம் அமர்வில் நேர்கோட்டில் நடக்கும் பயிற்சி. தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, முதலில் தலைவரே நடந்து காட்டினார். கோடு ஓரிடத்தில் முடிந்தது, அவர் வேறோரிடத்தில் போய் முடிந்தார். கொட்டகையின் தரை சாய்ந்திருக்கிறது என்று உடனே தீர்மானம் நிறைவேற்றி நகராட்சிக்கு அனுப்பினார்கள். அடுத்து வந்த ஓப்ராத் கோட்டின்மேல் நூல் பிடித்தாற்போல் நடந்துபோய்த் திரும்பி வந்தான். ஒருவரும் கைதட்டவில்லை. சாய்ந்த தரையில் நேராக நடப்பவனை எப்படி நம்புவது?

"மாப்ளே, உனக்காகச் சொல்றேன்," என்றார் விதோசாவ், அன்று வெளியே வரும்போது. "நீ இப்படியே இருந்தா தேற மாட்டே. கொஞ்சம் மனுஷனா இரு."

பன்னிரண்டாம் அமர்வு நவம்பர் இருபத்தொன்றாம் தேதி, தேவதூதர் மிக்கேலின் திருநாளில் விழுந்தது. டாக்டர் திஹோமிரின் வீட்டு ஸ்லாவா அன்றுதான். குலத்தைக் காக்கும் புனிதரின் நாள். அழைப்பில்லாமலே ஊர் வந்து சாப்பிடும் நாள். ஸ்லாவாவை விட்டு அமர்வுக்குப் போனால் புனிதர் கோபிப்பார். அமர்வை விட்டு ஸ்லாவா கொண்டாடினால் நகராட்சி கோபிக்கும். தலைவர் இரண்டையும் இணைத்து, 'குடும்பத்திலும் சமூகத்திலும் நிதானம்: செய்முறைத் தேர்வு' என்று அறிவித்தார். இடம்: தலைவரின் வீட்டுக் கூடம். நேரம்: பகல் பன்னிரண்டு.

காலையில் ஓப்ராத்தின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே அவன் மனைவி தெசாங்கா கேட்டாள்: "வீட்டுக்காரர் கிளாஸை நீட்டுவாரே, என்ன செய்யப் போறே?"

"வேணாம்னு சொல்லுவேன்."

"ஸ்லாவா அன்னிக்கா? அவர் குடும்பம் நல்லா இருக்கட்டும்னு குடிக்கிற கிளாஸ் அது. வேணாம்னா அந்த வீடே நாசமாப் போகட்டும்னு நீ சொன்னதா ஆயிடும்."

"அப்ப குடிச்சிடட்டுமா?"

தெசாங்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "குடிச்சே, இந்தப் பெட்டியாலயே தேய்ச்சிடுவேன். அவங்க கூடத்து மூலையில ஒரு பெரிய ரப்பர் செடி இருக்கு. யாரும் பார்க்காதப்ப அதுக்கு ஊத்திடு. செடி வண்டி ஓட்டாது."

கூடத்தில் மெழுகுவர்த்தி எரிந்தது. புனிதருக்குப் படைத்த இனிப்புக் கோதுமையை ஆளுக்கு ஒரு கரண்டி எடுத்துக்கொண்டார்கள். முட்டைக்கோஸில் சுருட்டிய இறைச்சி வந்தது, பன்றிக்குட்டி வறுவல் வந்தது. அப்புறம் தலைவர் எழுந்து நின்றார். எல்லோர் கையிலும் கிளாஸ் இருந்தது. ஓப்ராத்தும் ஒன்றை வாங்கிக்கொண்டான். அதன் மணம் மூக்கில் ஏறியபோது கிளாஸைக் கைக்கெட்டிய தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டான். தலைவர் புனிதரின் பெருமையில் ஆரம்பித்து, நகராட்சியின் பெருமைக்கு வந்து, நிதானத்தின் பெருமையில் கண்கலங்கிக்கொண்டிருக்கும்போது அவன் மெல்லப் பின்னால் நகர்ந்து செடியிடம் போனான்.

செடியிடம் ஏற்கெனவே ஸகோர்கா அம்மாள் நின்றிருந்தார். அவருடைய கிளாஸ் தொட்டிக்கு மேலே பாதி கவிழ்ந்திருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"வேற செடி பாரு," என்றார் ஸகோர்கா அம்மாள், உதடு அசையாமல். "இது ஏழு வருஷமா என்னோடது."

வேறு செடி இல்லை. சன்னலும் சாத்தியிருந்தது. "எங்கள் இல்லமும் உங்கள் இல்லங்களும் நீடூழி வாழ்க!" என்று தலைவர் கிளாஸை உயர்த்த, இருபது தலைகள் ஒரே நேரத்தில் பின்னால் சாய்ந்து, ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. ஒரு கிளாஸ் மட்டும் நிறைந்தபடி இருந்தது. இருபது தலைகளும் அதைப் பார்த்தன.

"குடிக்கலையா?" என்றார் தலைவர்.

"மன்னிச்சிடுங்க டாக்டர். உங்க குடும்பம் நூறு வருஷம் நல்லா இருக்கணும். இந்தக் கோதுமை மேல சத்தியமாச் சொல்றேன். ஆனா இதை மட்டும் என்னால முடியாது. என் பொண்ணுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்."

கரண்டி விழும் சத்தம் கேட்டது. "என் வீட்டுல, என் புனிதரோட நாள்ல, என் சிகிச்சையில!" என்றார் தலைவர். ஒவ்வொரு 'என்'னுக்கும் ஒரு படி குரல் ஏறியது.

குழு சமையலறைக்குச் சென்று இரண்டு நிமிடம் ஆலோசித்தது. தலைவர் சொல்ல, ஸகோர்கா அம்மாள் தலையைக் குனிந்துகொண்டு எழுதினார். 'எட்டாவது பயனாளி: சமூகத்தோடு ஒன்றுதல் போதாது. மதுவைப் பற்றியே ஓயாமல் நினைத்துக்கொண்டிருக்கிறார். நினைப்பின் ஆழம் காரணமாக அருந்தக்கூட முடியவில்லை. நோய் முற்றிய நிலை. பன்னிரண்டு அமர்வுகளையும் மீண்டும் பயில வேண்டும்.' மற்ற ஏழு பேருக்கும் சான்றிதழில் வட்ட முத்திரை விழுந்தது. விதோசாவ் தம்முடையதை முத்தமிட்டு, அந்த மகிழ்ச்சியில் இன்னொரு கிளாஸ் ஊற்றிக்கொண்டார்.

ஓப்ராத் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது தொலைபேசி அடித்தது. மேல்மலையில் ஒரு பசுவுக்குக் கன்று குறுக்கே நின்றுவிட்டதாம். டாக்டர் உடனே வர வேண்டுமாம். டாக்டர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்தார். அவருடைய பெருந்தன்மை அப்போதுதான் வெளிப்பட்டது.

"நான் வண்டி ஓட்ட மாட்டேன்," என்றார். "நான் குழுவோட தலைவர். யாராவது லைசென்ஸ் வாங்கினவங்க ஓட்டுங்க."

சான்றிதழ் பெற்ற ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இருவர் ஒருவரையொருவர் பார்க்கவும் முடியாத நிலையில் இருந்தார்கள். "இங்க நிதானமா இருக்கிறவன் ஒருத்தன்கூட இல்லையா?" என்று தலைவர் கத்தினார்.

எல்லோரும் ஓப்ராத்தைப் பார்த்தார்கள்.

"என்கிட்ட லைசென்ஸ் இல்லையே டாக்டர். இப்பத்தான் இல்லேன்னு நீங்களே எழுதினீங்க."

"எழுதினவனால அதை அடிச்சுத் திருத்த முடியாதா? அங்க ஒரு உயிர் போயிட்டிருக்கு. கொண்டுபோய் விடு, திரும்பி வந்ததும் உன் சர்டிபிகேட். இப்போதைக்கு இந்தா." தலைவர் ஒரு தாளில் 'இவர் அவசரப் பயிற்சி ஓட்டத்துக்குத் தகுதியானவர்' என்று கிறுக்கி, மேசையில் கைக்கு அகப்பட்ட முத்திரையை ஓங்கி அடித்தார்.

ஓப்ராத் சாவியை வாங்கினான். அடுமனை, திங்கட்கிழமை, ஒன்பது ஊர்கள் எல்லாம் அவன் கண்முன் வந்துபோயின. நான்கு மாதத்துக்குப் பிறகு கையில் ஸ்டீயரிங் பட்டபோது அவனுக்குச் சிரிப்பு வந்தது. சாலை எங்கே வளைந்ததோ அங்கே அவனும் வளைந்தான். முட்டைக்கோஸ் வயலைத் தாண்டியபோது வாத்துகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஏமாற்றத்தோடு குனிந்துகொண்டன. பக்கத்து இருக்கையில் தலைவர் குறட்டை விட்டார்.

மரம் அறுக்கும் ஆலையின் திருப்பத்தில் காவலர் மிலோயே கையைக் காட்டினார். "ஊதுங்க," என்று கருவியை நீட்டினார். ஓப்ராத் ஊதினான்.

பூச்சியம்.

மிலோயே கருவியைத் தட்டினார், குலுக்கினார், சட்டையில் துடைத்தார். "இன்னொரு தடவை." மறுபடியும் பூச்சியம். "மெஷின் செத்துப்போச்சு போல," என்று முணுமுணுத்துக்கொண்டே தானே ஒருமுறை ஊதிப் பார்த்தார். எண் கிடுகிடுவென்று ஏறி நின்றது. "இல்லையே, நல்லாத்தான் வேலை செய்யுது." ஓரடி பின்வாங்கி, ஓப்ராத்தின் முகத்தைக் கவலையோடு உற்றுப் பார்த்தார். "ஏண்டா, உடம்பு கிடம்பு சரியில்லையா? சரி, லைசென்ஸ் எடு."

ஓப்ராத் தாளை நீட்டினான். மிலோயே முத்திரையை எழுத்துக் கூட்டிப் படித்தார். "'கால்நடைத் துறை. இறைச்சி பரிசோதிக்கப்பட்டது. உண்ணத் தகுந்தது.'" தாளைத் திருப்பிப் பார்த்தார். "உன்னைத் திங்கலாம்னு போட்டிருக்கு, ஓப்ராத். ஓட்டலாம்னு போடலையே."

"டாக்டர்! எழுந்திரிங்க! நீங்களே சொல்லுங்க!" ஓப்ராத் தலைவரை உலுக்கினான்.

தலைவர் ஒரு கண்ணைத் திறந்தார். "வாலை விட்டுடாதே, நல்லா இழு," என்றுவிட்டு அதையும் மூடிக்கொண்டார்.

அப்போது திருப்பத்தில் ஒரு டிராக்டர் வந்தது. சாலையின் வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் பாரபட்சம் காட்டாமல் வந்த அதன்மேல் விதோசாவ் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார். காவலரைக் கண்டதும் சான்றிதழைக் கொடிபோல் உயர்த்திக் காட்டினார். வட்ட முத்திரை வெயிலில் பளிச்சென்றது. மிலோயே விறைத்து நின்று ஒரு சல்யூட் அடித்தார்.

"அவரை ஊதச் சொல்லலையா?" என்றான் ஓப்ராத்.

"அவரையா? இப்பத்தானே சிகிச்சை முடிச்சு வர்றார்!" மிலோயே எழுதத் தொடங்கினார். உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டியது, காவலரிடம் இறைச்சி முத்திரையைக் காட்டியது, அளவுக் கருவியைக் குழப்பியது.

பசு யாருக்கும் காத்திராமல் தானாகவே கன்று போட்டுவிட்டது. டாக்டர் அங்கே போய்ச் சேராததால், அவர் தருவதாகச் சொன்ன சான்றிதழும் இல்லையென்றாயிற்று. திங்கட்கிழமை அடுமனை முதலாளி சொன்ன சொல் மாறாமல், முத்திரை உள்ளவரிடம் சாவியைக் கொடுத்தார். இப்போது ரொட்டி வண்டியை ஓட்டுபவர் விதோசாவ். ஊருக்கு ஒரு கிளாஸ், ஒன்பது ஊர். வண்டியின் சத்தம் கேட்டதும் தெசாங்கா வெளியே ஓடிவந்து, ஸ்தாமெனாவை அள்ளிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்துகிறாள். அந்த நேரத்தில் ரகித்னாவின் எல்லாத் தாய்மாரும் அதையே செய்கிறார்கள். முட்டைக்கோஸ் வயலில் வாத்துகள் மட்டும் விடியலிலேயே வரிசையாக வந்து நின்றுவிடுகின்றன.

ஓப்ராத் வாரா வாரம் குடுவையில் புதினாத் தேநீரோடு கொட்டகைக்கு நடந்தே போகிறான். அடுப்போரத்துத் தனி நாற்காலி காலியாகிவிட்டது. அதை அவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். குழுவின் ஆண்டறிக்கையும் வெளியாகிவிட்டது. அதன் கடைசி வரியைத் தலைவர் சொல்ல, ஸகோர்கா அம்மாள் அழகான கையெழுத்தில் எழுதி வட்ட முத்திரை குத்தியிருக்கிறார்: 'இவ்வாண்டு நம் சாலைகளில் நடந்த சோதனைகளில், ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல் வண்டி ஓட்டியவர் ஒரே ஒருவர்தான். அவரும் விரைவில் குணமாகிவிடுவார்.'